கத்திரி வெயில், கார்த்திகை மழை... பைபோலார் உள்ளவர்களின் தூக்கத்தைக் காப்பது எப்படி?

தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் வாசிகளின் தூக்கத்தைக் கெடுப்பவை இரண்டு. மே மாதக் கத்திரி ஒன்று, ஐப்பசி - கார்த்திகை அடைமழை மற்றொன்று. பலருக்கு அது சில நாள் அவதியோடு போய்விடும். பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கோ, கலைந்த தூக்கமே நோய் திரும்பி வரக் காரணமாகிவிடலாம்.

இந்த நோயில் சில வாரங்கள் மனம் உச்சத்தில் இருக்கும். ஓயாத பேச்சு, கட்டுக்கடங்காத செலவு, எரிச்சல், `என்னால் எதுவும் முடியும்' என்ற எண்ணம்... இது மேனியா. வேறு சில வாரங்கள் மனச்சோர்வில் கழியும். மூளையின் உடல் கடிகாரம் சரியாக ஓடினால் இரண்டையும் ஓரளவு தள்ளிவைக்கலாம். அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பவை வெளிச்சமும் தூக்கமும்தான்.

குளிர்நாடுகளில் கோடையில் மேனியாவும் குளிர்காலத்தில் மனச்சோர்வும் கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. லண்டனில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் இடையே கிட்டத்தட்ட 9 மணி நேர வித்தியாசம். சென்னையில் அது ஒன்றரை மணி நேரம்தான். அதனால், இங்கே பகலின் நீளத்தைவிட புழுக்கம், மின்வெட்டு, வெள்ளம் போன்றவை தூக்கத்தைக் கெடுப்பதில்தான் அதிக கவனம் தேவை.

வெயில் காலத்தில்...

புழுக்கத்தில் தூங்காதவர் மறுநாள் சோர்ந்துபோவார், பகலில் கண்ணயர்வார். மேனியா தொடங்குபவரோ 3 மணி நேரமே தூங்கிவிட்டு, களைப்பே இல்லாமல் எழுந்து வேலைகளை இழுத்துப் போட்டுக்கொள்வார். `சுறுசுறுப்பாகிவிட்டார்' என்று குடும்பம் மகிழும் நேரத்தில் நோய் முற்றத் தொடங்கியிருக்கும். இரண்டு, மூன்று நாள்கள் இப்படி நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

லித்தியம் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கோடையில் கூடுதல் கவனம் வேண்டும். வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கால் உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஆபத்தான அளவுக்கு ஏறலாம். கை நடுக்கம் அதிகரிப்பது, தள்ளாட்டம், பேச்சுக் குழறல், குமட்டல் ஆகியவை எச்சரிக்கைகள். இவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உப்பைத் திடீரெனக் குறைப்பதும், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரைகளைத் தாமாக வாங்கிப் போடுவதும் கூடாது.

மழைக் காலத்தில்...

2015 டிசம்பர் பெருமழையில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே பகுதிகளில் வெள்ளம். இப்படி இரவோடு இரவாக மாடிக்கோ உறவினர் வீட்டுக்கோ போகும்போது தூக்கமும் போகும், மாத்திரை டப்பாவும் வீட்டிலேயே தங்கிவிடும். மாத்திரையைத் திடீரென நிறுத்துவது நோய் திரும்ப முக்கியக் காரணம்.

எனவே, அக்டோபர் முதல் வாரத்திலேயே, மருத்துவரிடம் கேட்டு, கூடுதலாக இரண்டு வார மாத்திரைகளைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுவையுங்கள். மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து, வீட்டில் இருவரின் போனில் வைத்திருங்கள்.

மழை மூட்டத்தில் நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதும் மனச்சோர்வை வளர்க்கும். மழை விட்டதும் காலையில் 20 நிமிடம் மொட்டைமாடியில் நடக்கலாம்.

எல்லாக் காலத்திலும்...

* விடுமுறை நாளிலும் எழும் நேரத்தை மாற்ற வேண்டாம்.
* மார்கழி அதிகாலைக் கோயிலுக்குச் செல்பவர்கள், முந்தைய இரவே சீக்கிரம் படுத்துவிடலாம்.
* மெப்ஸ், ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள், மருத்துவரின் சான்றோடு பகல் ஷிஃப்ட் கேட்கலாம்.
* தூங்கிய நேரத்தையும் மனநிலையையும் காலண்டரில் குறித்துவாருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் காட்ட, இதைவிடப் பயனுள்ள குறிப்பு கிடையாது.
* `நல்லாத்தானே இருக்கே, மாத்திரை எதுக்கு?' என்று யாரும் சொல்ல வேண்டாம். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான்.

உதவிக்கு...

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416, 24 மணி நேரமும் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம். தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் அவரைத் தனியே விடாமல் உடனே அழையுங்கள்.