விழுந்ததாலேயே வாரண்டி போய்விடாது

புதிதாக வாங்கிய ட்ரோன் சில வாரங்களிலேயே கீழே விழுந்து நொறுங்கினால், சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்க நேர்வது பெரும்பாலும் இந்தப் பதில்தான்: “கீழே விழுந்த பொருளுக்கு வாரண்டி கிடையாது.” வாங்கியவரும் அதை நம்பி, செலவுக் கணக்கைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறார். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. செல்போன் உடைந்து வந்தால் அது கையிலிருந்து நழுவியிருக்கும் என்று கருத இடமுண்டு. ட்ரோனோ பறப்பதற்கென்றே விற்கப்படுகிறது. அதன் மோட்டார் நடுவானில் நின்றாலும், பேட்டரி இணைப்பு விட்டுப்போனாலும், ஜிபிஎஸ் குழம்பினாலும் கடைசியில் அது தரையில்தான் வந்து விழும். தயாரிப்பில் உள்ள குறை வெளிப்படுவதே பல நேரங்களில் விபத்தாகத்தான். ஆகவே ‘விழுந்தது’ என்பதை மட்டும் காட்டி வாரண்டியை மறுப்பது முறையாகாது. ஏன் விழுந்தது என்று ஆராய்ந்த பிறகே ஒரு நிறுவனம் முடியாது என்று சொல்லலாம். அப்படி ஆராயும்படி கேட்பதற்கு வாங்கியவருக்கு முழு உரிமை உண்டு.

இதற்கு வலுவான சான்று ட்ரோன் வணிகத்தின் வரலாற்றிலேயே கிடைக்கிறது. கேமராவுக்குப் பேர்போன கோப்ரோ நிறுவனம் 2016 அக்டோபரில் ‘கர்மா’ என்ற ட்ரோனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த மாதம் 8-ஆம் தேதியே, விற்ற சுமார் 2,500 ட்ரோன்களையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பறந்துகொண்டிருக்கும்போதே சில ட்ரோன்கள் மின்சாரம் அற்று விழுந்ததுதான் காரணம். பேட்டரியைப் பிடித்து நிறுத்தும் அமைப்பில் கோளாறு இருந்தது பின்னர் தெரியவந்தது. வாங்கியவர்களுக்கு முழுப் பணமும் திருப்பித் தரப்பட்டது. மறு ஆண்டு, இந்தத் துறையின் மிகப் பெரிய நிறுவனமான டிஜேஐயின் ‘ஸ்பார்க்’ ட்ரோன்களில் சில நடுவானில் அணைந்து விழுவதாகப் புகார்கள் எழுந்தன. 2017 செப்டம்பர் 1-க்குள் புதிய ஃபர்ம்வேரை (ட்ரோனை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை) ஏற்றாத ஸ்பார்க் தரையை விட்டு எழும்பவே எழும்பாது என்று அந்த நிறுவனம் அறிவிக்க வேண்டியதாயிற்று. அனுபவமும் ஆய்வுக்கூடமும் பெரும் முதலீடும் உள்ள நிறுவனங்களின் கதையே இது. அப்படியிருக்க, விழுந்த ஒவ்வொரு ட்ரோனுக்கும் ஓட்டியவரே குற்றவாளி என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது எப்படி நியாயமாகும்?

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதை மறைப்பதில் பயனில்லை. மரக்கிளைகளுக்கு நடுவே ஓட்டுவது, பேட்டரி தீரப்போகிறதென்று ரிமோட் எச்சரித்த பிறகும் தொலைவுக்கு அனுப்புவது, பலத்த காற்றில் ஏற்றுவது, ட்ரோன் தானாகத் திரும்பி வரும் உயரத்தைச் சுற்றியுள்ள கட்டடங்களைவிடத் தாழ்வாக வைப்பது என்று ஓட்டுபவரின் பிழையால் நேரும் விபத்துகள் ஏராளம். அவற்றுக்கெல்லாம் புது ட்ரோன் கொடுத்தால், அந்தச் செலவு கவனமாக ஓட்டுபவர் தரும் விலையில்தான் ஏறும். அதனால்தான் எல்லா வாரண்டிகளும் ஓட்டுபவரின் தவறால் வரும் சேதத்தை விலக்கி வைக்கின்றன. வாரண்டி என்பது பொருளில் உள்ள குறைக்கான பொறுப்பு. காப்பீடு என்பது நம் கை தவறுவதற்கான பாதுகாப்பு. இரண்டாவதற்குத் தனியே பணம் கட்ட வேண்டும். டிஜேஐயின் ‘கேர் ரிஃப்ரெஷ்’ போன்ற கட்டணத் திட்டங்கள் அந்த வகை. அதில் சேர்ந்தவர் தாமே மரத்தில் மோதியிருந்தாலும், குறிப்பிட்ட கூடுதல் கட்டணம் செலுத்தி மாற்று ட்ரோன் பெறலாம். ஆனால் வாங்கிச் சில நாட்களுக்குள் சேர வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. விழுந்த பிறகு தேடினால் கிடைக்காது. ஆக, கைப்பிழைக்கு வாரண்டி கேட்பது தவறு. பொருளின் குறைக்கு வாரண்டி மறுப்பதும் அதே அளவு தவறு. இரண்டில் எது நடந்தது என்பதை எப்படிக் கண்டறிவது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அதைக் கண்டறிய வழி இருக்கிறது என்பதே ட்ரோனின் தனிச்சிறப்பு. மிக்ஸியோ மின்விசிறியோ பழுதானால் அதற்கு முந்தைய நொடியில் என்ன நடந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. ஓரளவு தரமான ட்ரோனோ, பறந்த ஒவ்வொரு நொடியையும் எழுதி வைத்துக்கொள்கிறது. எத்தனை செயற்கைக்கோள்களின் தொடர்பு இருந்தது, பேட்டரியின் ஒவ்வொரு செல்லிலும் எவ்வளவு வோல்ட், ட்ரோன் எந்தப் பக்கம் சாய்ந்தது, ரிமோட்டின் குச்சியை ஓட்டுபவர் எந்தத் திசையில் எவ்வளவு தள்ளினார் என்பதெல்லாம் பறப்புப் பதிவில் இருக்கும். மோட்டாரின் சுழற்சி வேகத்தையும் பல மாடல்கள் பதிவு செய்கின்றன. குச்சி முழுவதுமாக முன்னால் தள்ளப்பட்டு, வேகம் கூடி, திடீரென்று பூஜ்ஜியமானால் அது எதன் மீதோ மோதியிருக்கிறது. குச்சியை யாரும் தொடாத நிலையில் ஒரு மோட்டார் மட்டும் வேகம் குறைந்து, ட்ரோன் அந்தப் பக்கமாகச் சாய்ந்து சுழன்று விழுந்திருந்தால், பெரும்பாலும் கோளாறு பொருளில்தான். பேட்டரியில் போதிய சார்ஜ் காட்டிக்கொண்டிருக்கும்போதே பதிவு நடுவானத்தில் அறுந்துபோயிருந்தால், மின் இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும். இறக்கையைச் சரியாகப் பூட்டாததாலும் ட்ரோன் சாயலாம் என்பதால் பதிவு ஒன்றே தீர்ப்பாகிவிடாது. ஆனாலும் பேச்சு ஊகத்திலிருந்து சான்றுக்கு நகர்வது அங்கேதான்.

ஆகவே ட்ரோன் விழுந்த இடத்தில் முதல் அரை மணி நேரம் என்ன செய்கிறோம் என்பது மிக முக்கியம். எடுத்துப் பார்த்து, இறக்கையை மாற்றி, “பறக்கிறதா பார்ப்போம்” என்று மறுபடி ஏற்றுவதுதான் பலரும் செய்வது. அதைச் செய்யாதீர்கள். விழுந்த நிலையிலேயே, சுற்றுப்புறமும் தெரியும்படி படம் எடுங்கள். சேதமடைந்த லித்தியம் பேட்டரி பின்னர் தீப்பிடிக்கக்கூடும். அது வீங்கியிருந்தாலோ சூடாக இருந்தாலோ தொடாமல் விலகி நில்லுங்கள். வீட்டுக்குள் கொண்டுவந்து சார்ஜில் போடவே கூடாது. செயலியில் உள்ள பறப்புப் பதிவையும், மெமரி கார்டில் உள்ள வீடியோவையும், செல்போனில் வந்த எச்சரிக்கைச் செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்களையும் உடனே வேறொரு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். செயலியை நீக்குவது, ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது, ட்ரோனை ரீசெட் செய்வது, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துத் திருகாணியைக் கழற்றுவது எல்லாம் தடயத்தை நாமே அழிப்பதாகும். திறந்து பார்த்த பொருளுக்கு வாரண்டி இல்லை என்று சொல்ல நிறுவனத்துக்கு வாய்ப்பும் தந்துவிடும். சேதமடைந்த பேட்டரியை விமானக் கூரியரில் அனுப்பக் கூடாது என்பதால், அதை எப்படி அனுப்புவது என்று நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். புகாரையும் தொலைபேசியில் சொல்லிவிட்டு நிறுத்தாமல் மின்னஞ்சலில் அனுப்புங்கள். நடந்ததை உள்ளபடி எழுதுங்கள். மரத்தில் மோதியதை ‘தானாக விழுந்தது’ என்று எழுதினால் பதிவு காட்டிக்கொடுக்கும். அத்தகைய பொய்கள்தான் உண்மையான புகார்களையும் சந்தேகத்துக்கு ஆளாக்குகின்றன.

இங்கே ஒரு கடினமான ஆட்சேபம் எழும். பதிவை ஆராய்வது அதே நிறுவனம்தானே, பல மாடல்களில் விரிவான பதிவு பூட்டிய வடிவில் இருக்க, சாதாரண மனிதர் அதை எப்படிப் படிப்பார் என்பது அது. நியாயமான கவலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு விதிப்படி, பொருள் கைக்கு வந்த முதல் ஓராண்டில் வெளிப்படும் குறை, கொடுக்கும்போதே இருந்தது என்றே கருதப்படும். அப்படியில்லை என்று காட்ட வேண்டியவர் விற்றவர். நம் சட்டத்தில் அத்தகைய ஏற்பாடு இல்லை. குறை இருக்கிறது என்று காட்டும் சுமை முதலில் வாங்கியவர் மீதுதான் விழுகிறது. இந்த நிலை மாற வேண்டும். தடயம் முழுவதும் ஒரு தரப்பின் கையில் இருக்க, நிரூபிக்கும் சுமை மறு தரப்பின் தலையில் இருப்பது சமநீதி ஆகாது. ஆனாலும் இன்றைய சட்டத்திலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஆய்வு இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால், நுகர்வோர் குறைதீர் ஆணையம் அந்தப் பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு சொல்கிறது. அதற்கு முன்பே நீங்கள் நிறுவனத்திடம் இரண்டை எழுத்தில் கேட்டிருக்க வேண்டும்: மறுப்புக்கான காரணம் என்ன, எந்தப் பதிவை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள். பதில் வராவிட்டால் அந்த மௌனமும் பின்னர் உங்களுக்கு உதவும்.

‘முப்பதாயிரம் ரூபாய் ட்ரோனுக்காக யார் கோர்ட் ஏறுவது’ என்று கைவிடுபவர்களே அதிகம். ஆனால் எடுத்தவுடன் அங்கே போக வேண்டியதில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அங்கே பதிவாகும் புகார் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டு, பேசித் தீர்க்க வழி கிடைக்கிறது. அது பலிக்காவிட்டால் மாவட்ட ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கான புகாருக்குக் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 2019-ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருகிறது. குறையை நீக்கித் தரவோ, புதிய பொருள் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ ஆணையம் உத்தரவிடலாம், இழப்பீடும் வழங்கலாம். ஆய்வகச் சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாக இழுக்கும் என்பதை அறிந்தே இறங்குங்கள். ட்ரோன் விழுந்து மற்றொருவருக்குக் காயமோ, வேறு பொருளுக்குச் சேதமோ ஆனால், அது ‘தயாரிப்புப் பொறுப்பு’ என்ற தனிப் பிரிவில் வரும். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ அந்த உரிமை பலவீனப்படும்.

இவ்வளவு உரிமைகளும் பில் இல்லாதவருக்குக் கானல் நீர். வெளிநாட்டு ட்ரோன் வாங்குவோர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். 2022 பிப்ரவரி 9 அன்று மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், முழு ட்ரோன்களை இறக்குமதி செய்வதற்குத் தடை விதித்தது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. உதிரிப் பாகங்களுக்கும் தடையில்லை. ஆனால் வெளிநாட்டுப் பிராண்டு ட்ரோன்கள் இன்றும் கிடைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வருபவர் பெட்டியில் கொண்டுவந்ததும், பில் இல்லாமல் கடையில் கைமாறுவதும் அவற்றில் அடங்கும். வேறொரு நாட்டுக்கென விற்ற ட்ரோனுக்கு வாரண்டியும் பெரும்பாலும் அந்த நாட்டோடு நின்றுவிடும். பழுது பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பினாலும், மாற்று ட்ரோன் திரும்பி வரும்போது சுங்கத்தில் நிற்கும் அபாயம் உண்டு. விலை குறைவு என்று அத்தகைய ட்ரோனை வாங்குபவர், வாரண்டியின் விலையையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறார். இணையத்தில் வாங்குவோர், விற்பனைப் பக்கத்தில் தயாரித்த நாடும் விற்பவரின் முகவரியும் குறைதீர் அலுவலரின் விவரமும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதி. சிறுவர்களுக்கான விளையாட்டு ட்ரோன்களில் பறப்புப் பதிவு இருக்காது. பெட்டியைத் திறப்பதிலிருந்து முதல் பறப்பு வரை செல்போனில் வீடியோ எடுத்து வைப்பதுதான் அவற்றுக்குச் சான்று.

கல்யாண வீடியோ எடுப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வணிக நோக்கத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதாடும். ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்துபவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. அதைப் புகாரிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளையும் மறக்க வேண்டாம். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைப் பதிவு செய்து அடையாள எண் பெற வேண்டும். அந்த எடையைத் தாண்டிய ட்ரோனைத் தொழிலுக்குப் பயன்படுத்த ஓட்டுநர் சான்றிதழும் வேண்டும். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்திலும் 400 அடிக்கு மேல் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. விதியை மீறிப் பறந்த ட்ரோனின் பறப்புப் பதிவைச் சான்றாக நீட்டுபவர், தன் மீறலையும் சேர்த்தே நீட்டுகிறார்.

பில், வாரண்டி அட்டை, பறப்புப் பதிவு, நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் ஆகிய நான்கையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். ஆணையத்தில் வழக்குத் தொடரச் சட்டம் தரும் கால அவகாசம், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்.