நோயின் வேர் எங்கே?

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது எம்மவர் பிள்ளைப் பராயத்தில் மனனம் செய்த பழமொழி. அதைத் திருப்பிப் பார்த்தால் இன்னோர் உண்மை தெரியும். செல்வம் குறையும் இடத்தில் நோய் பெருகுகிறது. இதற்குச் சான்று தேடித் தூரதேசம் போக வேண்டியதில்லை. மொன்றியல் நகரமே போதும்.

லக்காடி வீதியின் கிழக்கே பார்க் எக்ஸ்டென்ஷன். 1983 கலவரத்தின் பின் இந்நகருக்கு வந்த தமிழர்களில் பலர் முதலில் குடியேறிய பகுதிகளில் இதுவும் ஒன்று. நெருக்கமான தொடர்மாடிகள், சிறிய அறைகள், குறைந்த நிழல். வீதியின் மேற்கே மவுண்ட் றோயல் நகரம். தனி வீடுகள், பெரிய மரங்கள், புல்வெளிகள். 1960 ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட கம்பிவேலி ஒன்று பல தசாப்தங்களாக இவ்விரண்டையும் பிரித்து நின்றது. வேலி மனிதரை மட்டுமா பிரிக்கிறது? ஆயுளையும் பிரிக்கிறதா?

குன்றின் மேலும் கீழும்

இந்தக் கேள்வி மொன்றியலுக்குப் புதியதன்று. 1896 ஆம் ஆண்டு ஹேர்பட் ஏம்ஸ் என்ற செல்வந்தர், சப்பாத்துத் தொழில் செய்த குடும்பத்தவர், நகரின் தென்மேற்கிலிருந்த தொழிலாளர் குடியிருப்புகளில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடத்தினார். ஏறத்தாழ 38,000 பேர் வாழ்ந்த இடம் அது. அங்கே பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு வீட்டினுள் மலசலகூடம் இல்லை. முற்றத்துக் குழிகளே கதி. குன்றின் மேலே வாழ்ந்தவர்களைவிடக் கீழே வாழ்ந்தவர்கள் கூடுதலாக இறந்தார்கள். 1897இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரே 'குன்றின் கீழுள்ள நகரம்'. அக்குழிகளை ஒழிக்க வேண்டும் என்று அவர் ஓயாமல் வாதாடியதால் சிலர் அவரை மலசலகூட ஏம்ஸ் என்று கேலி செய்தார்கள். அவரோ சளைக்கவில்லை.

1930களில் இதே நகரில் நெஞ்சறைச் சத்திரசிகிச்சை செய்தவர் வைத்தியர் நோர்மன் பெத்தூன். தாமே காசநோயால் பீடிக்கப்பட்டுக் குணமடைந்தவர். சத்திரசிகிச்சையால் தேறிய ஏழை நோயாளி அதே நெருக்கமான அறைக்கும் அதே அரைப்பட்டினிக்கும் திரும்பி, மீண்டும் நோயாளியாவதை அவர் கண்டார். காசநோயில் பணக்காரனுக்கு ஒன்றும் ஏழைக்கு ஒன்றுமாக இரண்டு உண்டு என்பதே அவர் கண்ட முடிவு. 1936இல் சக வைத்தியர்கள், தாதியர் சிலருடன் ஒரு குழு அமைத்து, எல்லோருக்கும் அரச செலவில் வைத்தியம் வேண்டும் என்ற யோசனைகளை முன்வைத்தார். அன்று எவரும் செவிசாய்க்கவில்லை.

வைத்தியம் இலவசமான பின்னர்

பெத்தூன் கேட்டது கியூபெக்கில் 1970 ஆம் ஆண்டு கைகூடியது. அதன் பின் வைத்தியரைக் காண ஏழைக்கும் கட்டணம் இல்லை. ஆயினும் வித்தியாசம் ஒழிந்ததா? மொன்றியல் பொதுச் சுகாதாரப் பணிப்பாளரின் 2011 ஆம் ஆண்டு அறிக்கை, நகரின் சில பகுதிகளுக்கிடையே சராசரி ஆயுளில் பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி இருப்பதை எடுத்துக்காட்டியது. வைத்தியரின் கதவு திறந்திருந்தும் இந்த இடைவெளி நிலைப்பதற்குக் காரணம், நோய் விளைவது வைத்தியரின் அறைக்கு வெளியே என்பதுதான்.

நாற்பது வயதுக் குடும்பத்தலைவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இரவில் தொழிற்சாலை, பகலில் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. நித்திரை நான்கைந்து மணித்தியாலம். நின்றபடியே எதையாவது உண்கிறார். வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், குடிவரவு வழக்கு என்று மனதில் ஓயாத பாரம். இப்படி நெடுநாள் நீடிக்கும் மனஅழுத்தமும் நித்திரையின்மையும் உடலின் சுரப்புகளைப் பாதித்து இரத்த அழுத்தத்தையும் சீனியையும் உயர்த்துகின்றன. தென்னாசியருக்கு நீரிழிவு ஏனையோரிலும் இளவயதிலேயே வருவதுண்டு. ஆனால் வீட்டாரும் வைத்தியரும் அவருக்குச் சொல்வது ஒன்றுதான்: "சோற்றைக் குறையுங்கள், நடவுங்கள்." எந்த நேரத்தில் நடப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை.

வறுமை மட்டுமல்ல, தன் வேலையில் தனக்கு அதிகாரமின்மையும் நோய் தரும். இலண்டன் அரச ஊழியர்களிடையே 1967இல் தொடங்கிய வைற்ஹோல் ஆய்வு இதைக் காட்டியது. அவர்களில் எவரும் பட்டினி கிடந்தவரல்லர். எனினும் கடைநிலை ஊழியர் இருதயநோயால் இறந்த விகிதம் மேலதிகாரிகளினதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்.

2018 யூலை மாத வெப்ப அலையின்போது மொன்றியல் தீவில் 66 பேர் மாண்டார்கள். பெரும்பாலானோர் முதியோர், ஏற்கெனவே நோயுற்றோர். மரமற்ற, சீமெந்து சூழ்ந்த இடங்களில், குளிரூட்டி இல்லாத வீடுகளுக்குள்ளேயே பலர் இறந்தார்கள். வெயில் எல்லோருக்கும் பொதுவாகத்தான் அடித்தது. நிழல்தான் பொதுவாக இருக்கவில்லை.

விதியா, வாழ்நிலையா?

ஈழத்தவருக்கு இது அறியாத கதையன்று. இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் இலங்கையில் தாய் சேய் மரணத்தை வியக்கத்தக்க அளவு குறைத்தன. ஆனால் அதே தீவின் தேயிலைத் தோட்டங்களில், ஒற்றை அறை லயன்களில் வாழ்ந்த மலையகத் தமிழரின் குழந்தைகள் பல தசாப்தங்களாக ஏனையோரிலும் கூடுதலாக இறந்தார்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, வாக்குரிமையும் இழந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய குழந்தைகளைக் கொன்றது தலைவிதியன்று.

ஆகவே, வருத்தம் வந்தவரை "கவனமில்லாதவர்" என்று குறை கூறுமுன் அவருடைய வேலையையும் வீட்டையும் பார்க்க வேண்டும். செய்யக்கூடியவையும் உண்டு. வைத்தியரிடம் வேலை நேரத்தை மறைக்காமற் சொல்லுங்கள். மாத்திரை எடுக்கும் நேரத்தை அதற்கேற்ப மாற்ற முடியும். சுவரில் பூஞ்சணம் படர்ந்து பிள்ளைக்கு இழுப்பு வந்தால், வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள். அவர் அசையாவிடின் நகரசபையிடமும் வாடகை வீட்டு நியாயசபையிடமும் முறையிடலாம். கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஆபத்தான வேலையிலிருந்து பாதுகாப்பான வேலைக்கு மாற்றம் கேட்கும் உரிமையை 1979 ஆம் ஆண்டுக் கியூபெக் சட்டம் வழங்குகிறது. இதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். வெப்ப நாட்களில் தனித்து வாழும் முதியவரின் கதவைத் தட்டிப் பாருங்கள். அதற்குச் சட்டமோ சான்றிதழோ தேவையில்லை.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோயை அறிவதோடு நில்லாமல் அதன் காரணத்தையும் ஆராயச் சொல்கிறது. இந்நகரில் அந்தக் காரணம் பல வேளைகளில் இரத்தப் பரிசோதனையில் அகப்படாது. அது வாடகைச் சீட்டிலும் சம்பளப் பத்திரத்திலும் எழுதப்பட்டிருக்கும்.