மெஷின் ‘நார்மல்’ என்கிறது... உடம்பு ஏன் ‘அசதி’ என்கிறது?

நாலு மாதத்துக்கு முன்பு ஒரு காலை வேளை. நெய்வேலி டவுன்ஷிப்பில் பல வருஷமாக எனக்குப் பழக்கமான தம்பதி வந்தார்கள். கணவருக்கு வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். சுரங்கத்தில் வேலை, ஷிஃப்ட் டியூட்டி. உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

“பாருங்க டாக்டர், 3-ன்னு காட்டுது. 5-க்குக் கீழே இருந்தா நார்மல்னு மெஷின் வாங்கின கடையில சொன்னாங்க. ஆனா காலையில எழுந்திரிக்கும்போதே உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. பேசாம இந்த மெஷினை மூட்டை கட்டி வச்சிடறேன். நீங்க நல்லதா ஒரு லேகியம் குடுங்க!”

பக்கத்திலிருந்த மனைவி மெதுவாகச் சொன்னார்: “போன வாரம் பைக்ல வரும்போது கண் அசந்துட்டார் டாக்டர். ரோட்டு நடுவுல இருக்கற தடுப்புல இடிக்க ஒரு சாண்தான் பாக்கியாம். அதையே ரெண்டு நாள் கழிச்சுத்தான் என்கிட்ட சொன்னார்...”

லேகியம் கேட்டு வந்தவரை லேகியம் தராமல் அனுப்புவது ஒரு சித்த வைத்தியனுக்குக் கஷ்டமான காரியம்தான். ஆனாலும் அன்று அதைத்தான் செய்தேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தூக்கத்தில் அடைபடும் தொண்டை

நாம் தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் மூச்சுப் பாதையே மூடிக்கொள்கிறது. நெஞ்சு ஏறி இறங்கும், ஆனால் காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் பிராணவாயு குறையும். மூளை பதறி ஒரு உலுக்கு உலுக்கும். உடனே ‘கர்ர்’ என்ற சத்தத்தோடு மூச்சு திரும்பும். தூங்குகிறவருக்கு இது எதுவும் நினைவில் இருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் நெஞ்சு படபடக்கும்! இதைத்தான் ‘ஸ்லீப் ஆப்னியா’ என்கிறார்கள்.

இது அபூர்வமான நோய் அல்ல. 2023-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் போட்ட கணக்கின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. 2022 பிப்ரவரியில் காலமான இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹரியின் மரணத்துக்கும் அவருடைய டாக்டர்கள் சொன்ன காரணம் இதுதான். வெறும் குறட்டை என்று ஒதுக்கிவிட முடியாது. ரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு, பக்கவாதம் என்று இதற்குச் சொந்தக்காரர்கள் அதிகம்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து 1981-ல் வெளியிட்டார். மூக்கில் மாஸ்க் வைத்து, மிதமான அழுத்தத்தில் காற்றை விடாமல் செலுத்திக்கொண்டே இருந்தால் தொண்டை மூடாது. இதுதான் ‘சி-பேப்’ மெஷின். நம் நண்பர் மூட்டை கட்டப் பார்த்ததும் இதைத்தான்.

அந்த ‘3’ என்ன சொல்கிறது?

செல்போனில் அவர் காட்டிய எண்ணுக்கு ‘ஏ.ஹெச்.ஐ.’ என்று பெயர். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை குறைந்தது 10 விநாடிக்கு மூச்சு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்ற சராசரி. பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இருந்தால் சரி. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை.

மெஷின் வாங்குவதற்கு முன் எடுத்த பரிசோதனையில் நண்பரின் எண் 40. அதாவது ஏழு மணி நேரத் தூக்கத்தில் 280 தடவை! அது 3-க்கு இறங்கியிருக்கிறது. பெரிய வெற்றிதானே? பிறகு ஏன் அசதி?

நெய்வேலிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. நம் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. ராப்பகலாகப் பம்ப் ஓட்டி இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் தரை நிற்கும். இல்லாவிட்டால் அடியிலிருந்து தண்ணீர் பொத்துக்கொண்டு வந்துவிடும். பம்ப் ரீடிங் சரியாக இருக்கிறது என்றால், சுரங்கத்தில் வேலை நடக்க வழி இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு எத்தனை டன் நிலக்கரி வெட்டினார்கள் என்பதை அந்த ரீடிங் சொல்லுமா? சொல்லாது. அது வேறு கணக்கு.

சி-பேப் எண்ணும் அப்படித்தான். தொண்டை திறந்திருந்தது என்று சொல்கிறது. நீங்கள் எவ்வளவு தூங்கினீர்கள், எவ்வளவு ஆழமாகத் தூங்கினீர்கள் என்பது வேறு கணக்கு.

“தண்ணிதான் வரலையே, பம்ப் எதுக்கு?” என்று சுரங்கத்தில் யாராவது கேட்பார்களா? “குறட்டைதான் நின்னுபோச்சே, மெஷின் எதுக்கு?” என்ற கேள்வியும் அதே ரகம்தான்!

பாதி ராத்திரிக் கணக்கு

நண்பரிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். “மாஸ்க்கை எப்போ கழட்டறீங்க சார்?”

பதில் மனைவியிடமிருந்து வந்தது. “பதினோரு மணிக்குப் போடுவார் டாக்டர். மூணு மணிக்கெல்லாம் கழட்டித் தலைமாட்டுல வச்சிடுவார். வாய் காயுதாம்.”

அங்கேதான் சிக்கல்! அவர் ஆறு மணிக்கு எழுகிறார். மொத்தத் தூக்கம் 7 மணி நேரம். மாஸ்க்கோடு 4 மணி நேரம். அதில் மணிக்கு 3 வீதம் 12 தடவை. மீதி 3 மணி நேரத்தில் பழையபடி மணிக்கு 40 என்று வைத்துக்கொண்டால் 120 தடவை. ஆக மொத்தம் 132. ஏழால் வகுத்தால் கிட்டத்தட்ட 19!

மெஷின் காட்டியது 3. உடம்பு அனுபவித்தது ஏறக்குறைய 19. மெஷின் பொய் சொல்லவில்லை. தன்னைப் போட்டிருந்த நேரத்துக்கு மட்டும்தானே அது கணக்குச் சொல்ல முடியும்?

இன்னொரு விஷயம். கனவு வருகிற தூக்கம் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் அதிகம். அந்த நேரத்தில் தசைகள் இன்னும் தளரும். பலருக்கு மூச்சடைப்பு அப்போதுதான் மோசமாகும். சரியாக அந்த நேரம் பார்த்து மாஸ்க்கைக் கழற்றினால், மழை வலுக்கும்போது குடையை மடக்கிய கதைதான்.

அமெரிக்காவில் டெரி வீவர் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல வெளிச்சம் தருகிறது. ‘எனக்குத் தூக்கக் கலக்கம் இல்லை’ என்று நோயாளி உணர்வதற்குச் சுமார் 4 மணி நேரம் மெஷின் போட்டாலே பலருக்குப் பலன் தெரிந்தது. பரிசோதனைக் கூடத்தில் அளந்து பார்த்த தூக்கக் கலக்கம் குறைய 6 மணி நேரம் தேவைப்பட்டது. அன்றாட வேலைகளைச் சுறுசுறுப்பாகச் செய்ய ஏழரை மணி நேரம்! நேரம் கூடக்கூடத் தெம்பும் கூடுகிறது என்பதுதான் சாரம்.

மெஷினுக்குத் தெரியாதவை

தூக்க ஆய்வுக் கூடத்தில் மூளை அலை, கண் அசைவு, தசை, இதயத் துடிப்பு, பிராணவாயு எல்லாவற்றையும் பதிவு செய்வார்கள். வீட்டு மெஷினுக்குத் தெரிந்தது மாஸ்க் வழியாகப் போகும் காற்று மட்டும்தான். அதனால்...

• மாஸ்க் போட்டுக்கொண்டு, பெண்ணின் கல்யாணச் செலவை நினைத்து இரண்டு மணி நேரம் விழித்திருந்தாலும் அதையும் உபயோகித்த நேரம் என்றே எழுதிக்கொள்ளும். விழித்திருக்கும்போது மூச்சு அடைபடாது. ஆகவே சராசரி அழகாகக் குறையும்!

• மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்தால் ‘லீக்’ என்று காட்டும். கசிவு அதிகமானால் தொண்டைக்கு அழுத்தம் போதாது. எண்ணையும் நம்ப முடியாது. ஏ.ஹெச்.ஐ.யைப் பார்க்கிறவர்கள் முதலில் லீக்கைப் பாருங்கள்.

• நேற்று 2, இன்று 4 என்று பதற வேண்டாம். ஒரு ராத்திரியின் எண்ணுக்கு அர்த்தம் குறைவு. ஒரு வாரம், ஒரு மாதச் சராசரிதான் பேசும். 40 என்பது 3 ஆனதை உடம்பு உணரும். 3 என்பது 2 ஆனதை உணராது.

• எண்ணும் நேரமும் சரியாக இருந்தும் அசதி போகவில்லையா? ரத்த சோகை, தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு, கால் குடைச்சல், சளிக்குப் போடும் மாத்திரை... இவற்றில் ஏதாவது ஒளிந்திருக்கலாம். பெண்களிடம் குறட்டை குறைவாகவும் அசதி அதிகமாகவும் இருப்பதுண்டு. வீட்டு வேலைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

நண்பருக்கு இன்னொரு பிரச்னை நைட் ஷிஃப்ட். அந்த வாரங்களில் காலையில் வந்து படுத்தால் வெளிச்சம், காலிங் பெல், காய்கறிக்காரர் குரல். நாலு மணி நேரம் தூங்கினாலே பெரிசு. தொண்டை நூறு சதவீதம் திறந்திருந்தாலும் நாலு மணி நேரத் தூக்கம் நாலு மணி நேரத் தூக்கம்தான்!

பகலில் தூங்கக்கூடாது என்று சித்த மருத்துவம் சொல்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது ராத்திரி தூங்குகிறவர்களுக்குச் சொன்னது. ராத்திரி முழுக்கக் கண்விழித்து உழைத்தவர் பகலில் தூங்கித்தான் ஆக வேண்டும். கனமான திரைச்சீலை போட்டு, வீட்டார் சத்தத்தைக் குறைத்து, அப்போதும் மாஸ்க்கோடு தூங்க வேண்டும். பகல் தூக்கம்தானே என்று மெஷினுக்கு லீவு விடக்கூடாது.

ஒரு எண் போதாது

எங்கள் மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். நாடியை மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்து போகிறவன் முழு வைத்தியன் அல்ல. மெஷின் எண்ணும் ஒரு நாடி மாதிரிதான். முக்கியம்... ஆனால் அது ஒன்றே போதாது.

தூக்கக் கலக்கத்தை அளக்க ஆங்கில மருத்துவத்திலும் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது. மெல்போர்னில் மர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991-ல் வெளியிட்டது. பெயர் ‘எப்வொர்த் அளவுகோல்’. பொருத்தம் பாருங்கள், அதிலும் எட்டுதான்! படிக்கும்போது, டி.வி. பார்க்கும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, வண்டி சிக்னலில் நிற்கும்போது என்று எட்டுச் சூழ்நிலைகள். ஒவ்வொன்றிலும் கண் அசரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24-க்கு 10-ஐத் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். நண்பருக்குப் போட்டுப் பார்த்தோம். 15! அவர் தனக்கு 11 என்றார். மனைவி திருத்தி 15 ஆக்கினார்.

லேகியம் ஏன் தரவில்லை?

மூடிக்கொண்ட தொண்டையை நடுராத்திரியில் திறந்து பிடிக்கிற லேகியம் எதுவும் எனக்குத் தெரியாது. இதை ஒரு சித்த மருத்துவனாகச் சொல்கிறேன். தூக்கம் வரட்டும் என்று ஜாதிக்காயோ, தூக்க மாத்திரையோ, இரண்டு பெக்கோ எடுத்துக்கொண்டு மாஸ்க் இல்லாமல் படுப்பது ஆபத்து. மூச்சு நிற்கும்போது உலுக்கி எழுப்ப வேண்டிய மூளையையே அது மந்தப்படுத்திவிடும்.

எங்கள் மருத்துவம் கைகொடுக்கும் இடங்களும் உண்டு. இடது பக்கம் ஒருக்களித்துப் படு என்கிறது தேரையர் வழி. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும் என்பதால் ஒருக்களித்துப் படுப்பது இந்த நோய்க்கும் நல்லது. ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துச் சீக்கிரம் முடிப்பது, எடையைக் குறைப்பது, மூக்கடைப்புக்குப் படுக்கும் முன் நொச்சி ஆவி பிடிப்பது எல்லாம் மெஷினுக்குத் துணை. மாற்று அல்ல. இன்னொன்று: மெஷினில் தண்ணீர் ஊற்றும் தொட்டியில் தைலம், கஷாயம் எதுவும் கலக்காதீர்கள். நுரையீரலுக்குக் கெடுதல்.

நீங்கள் செய்ய வேண்டியது...

1. எண்ணைப் பார்ப்பதற்கு முன் மணி நேரத்தைப் பாருங்கள். தூங்கும் நேரம் முழுக்க மாஸ்க் இருக்க வேண்டும்.

2. வாய் காய்ந்தால், மாஸ்க் அழுத்தினால், காற்று கசிந்தால் தூக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். மாஸ்க் அளவு மாற்றலாம், காற்றை ஈரப்படுத்தலாம். பிரஷரை நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள்.

3. காலண்டரில் தினமும் காலையில் தெம்புக்கு 10-க்கு ஒரு மார்க் போடுங்கள். ஒரு மாதம் கழித்து மெஷின் கணக்கோடு சேர்த்துக் காட்டுங்கள்.

4. மெஷின் போடாமலே தெம்பாக இருந்தாலும் நிறுத்தாதீர்கள். அசதி தெரியாமலே ரத்தக் கொதிப்பு ஏறலாம்.

5. கண் அசரும் நாளில் வண்டியைத் தொடாதீர்கள்.

நண்பர் தூக்க மருத்துவரைப் பார்த்து மாஸ்க்கை மாற்றிக்கொண்டார். ரத்தப் பரிசோதனையும் செய்தார், குறை ஒன்றும் இல்லை. போன வாரம் வந்தார். மறுபடியும் செல்போன்.

“என்ன டாக்டர், இப்ப 3.6 காட்டுது? முன்னாடியைவிட ஏறிடுச்சே!”

சிரித்துவிட்டேன். முன்பு கணக்கில் வராத விடியற்காலை நேரம் இப்போது கணக்கில் வருகிறது. அதனால்தான் எண் கொஞ்சம் ஏறியிருக்கிறது. உபயோகித்த நேரம் நாலிலிருந்து ஆறரை மணி நேரமாகியிருந்தது.

“அது கிடக்கட்டும். உடம்பு எப்படி இருக்கு சார்?”

அவர் யோசித்துப் பதில் சொல்வதற்குள் மனைவி முந்திக்கொண்டார்: “ஞாயித்துக்கிழமை முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தார் டாக்டர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல இதுதான் முதல் தடவை!”