பேரிங் வண்டியும் ஸ்கேட்போர்டும்

தேன்கனிக்கோட்டைப் பக்கம் சரிவான தெரு கிடைத்தால் போதும், பலகையின் அடியில் பழைய பேரிங்குகளை மாட்டி மாணவர்கள் வண்டி விடுவார்கள். எட்டாம் வகுப்பில் உராய்வு நடத்தியபோது அந்த வண்டியையே கொண்டுவரச் சொன்னேன்.

ஸ்கேட்போர்டும் இப்படிப் பிறந்ததுதான். 1950களில் கலிபோர்னியாவின் அலைச்சறுக்கு இளைஞர்கள், அலை இல்லாத நாட்களில் தெருவில் சறுக்கப் பலகையில் ரோலர் ஸ்கேட் சக்கரங்களைப் பொருத்தினர். அந்தச் சக்கரங்கள் சிறு கல் பட்டாலும் நின்றுவிடும். 1970களில் வந்த பாலியூரித்தேன் சக்கரம் தரையைப் பற்றிக்கொண்டு உருண்டது. பேரிங்குக்குள் உராய்வு குறைய வேண்டும், சக்கரம் தரையைத் தொடும் இடத்திலோ உராய்வு வேண்டும். பாடநூல் சொல்வதை ஒரே பலகை காட்டிவிட்டது.

ஆனால் வண்டியைச் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் பையன்கள். மாணவிகள் இடத்தைவிட்டு எழவே இல்லை.

அவர்களுக்கு மாமல்லபுரம் கமலியைப் பற்றிச் சொன்னேன். கவுனும் வெறுங்காலுமாக அச்சிறுமி சறுக்கும் படத்தை டோனி ஹாக்கே பகிர்ந்தார். அவளைப் பற்றிய குறும்படம் 2020இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற மோமிஜி நிஷியாவுக்கு வயது 13தான்.

மத்தியப் பிரதேசத்தின் ஜன்வார் கிராமத்தில் 2015இல் அமைந்த ஸ்கேட்போர்டு திடலுக்கு இரண்டு விதிகள்: பள்ளிக்கு வராதவர்க்குப் பலகை இல்லை, பெண்களுக்கே முதல் வாய்ப்பு. அவ்வூர் ஆஷா கோண்ட் 2018இல் சீனாவில் நடந்த உலகப் போட்டிவரை சென்றார். எட்டாம் வகுப்போடு நின்றுபோகும் நம் மலைக்கிராமப் பெண்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.

மறுநாள் ஒரு மாணவி, "சார், நாங்களும் ஓட்டலாமா?" என்றாள். இப்போது வெள்ளி மாலை முதல் அரைமணி நேரம் மாணவிகளுக்கு. தலைக்கவசம்தான் இன்னும் இரண்டே இருக்கின்றன.