முப்பது வருடம் ஓடிய பள்ளிக்கூடம்

உங்களுக்கு இப்போ மிகவும் பிடித்த தொலைக்காட்சித் தொடர் எது? அது எத்தனை வருடமாக ஓடுகிறது? இரண்டு வருடமா, ஐந்து வருடமா?

பிரித்தானியாவில் பிள்ளைகளுக்கான ஒரு நாடகத் தொடர் முப்பது வருடம் ஓடியது. அதன் பெயர் 'கிரேஞ்ச் ஹில்'. 1978ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் திகதி பிபிசியில் தொடங்கியது. 2008ஆம் ஆண்டு செப்டெம்பரில் முடிந்தது. உங்கள் அம்மாவோ அப்பாவோ மாமாவோ சின்ன வயதில் இங்கே படித்தவர் என்றால், அந்தப் பெயரை ஒருதரம் சொல்லிப் பாருங்கோ. உடனே கதைக்கத் தொடங்கிவிடுவார்!

இல்லாத பள்ளி

லண்டன் சென்ட்ரல் லைனில் கிரேஞ்ச் ஹில் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் அங்கே இறங்கி இந்தப் பள்ளியைத் தேட வேண்டாம். இது கற்பனைப் பள்ளி.

அதைக் கற்பனை செய்தவர் பில் ரெட்மண்ட் என்ற எழுத்தாளர். லிவர்பூல் பக்கத்தில் சாதாரண அரசுப் பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளியைப் போன்ற ஒரு பள்ளியின் கதையைத்தான் அவர் எழுத விரும்பினார். சில தொலைக்காட்சி நிறுவனங்கள் வேண்டாம் என்றன. கடைசியில் பிபிசியின் ஆனா ஹோம் 'சரி' என்றார்.

அப்போ பள்ளியை எங்கே படம் பிடித்தார்கள்? முதலில் வெம்பிளிக்குப் பக்கத்தில், கிங்ஸ்பரியில் உள்ள ஓர் உண்மையான பள்ளியில். பிறகு எல்ஸ்ட்ரீயில் பிபிசியின் அலுவலகக் கட்டடம் ஒன்றையே பள்ளிபோல் காட்டினார்கள். கடைசி வருடங்களில் படப்பிடிப்பு லிவர்பூலுக்குப் போனது.

தொடரின் தொடக்கப் படங்களும் பிரபலம். சித்திரக் கதைபோல வரும் அந்தப் படங்களில், முள்ளுக்கரண்டியில் குத்திய ஒரு சொசேஜ் பறந்து வரும். அதை இன்றும் நினைத்துச் சிரிக்கிற பெரியவர்கள் நிறையப் பேர்.

ஏன் எல்லோரும் பார்த்தார்கள்?

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பள்ளியால் வந்து சப்பாத்தைக் கழற்றியதும் ஓடிப்போய் இதைத்தான் பார்ப்பேன். ஏன் தெரியுமா? அதில் வந்த பிள்ளைகள் எங்களைப்போலவே இருந்தார்கள். வீட்டுப்பாடம் செய்ய மறந்தார்கள். சண்டை பிடித்தார்கள். சிலரிடம் நல்ல சப்பாத்து வாங்கக் காசு இல்லை.

பெரிய பிரச்சினைகளையும் தொடர் மறைக்கவில்லை. 1980களில் கிரிப்பர் என்று ஒரு பாத்திரம் வந்தான். ரோலண்ட் என்ற பையனைத் திரும்பத் திரும்பக் கொடுமைப்படுத்தினான். கறுப்பின, ஆசியப் பிள்ளைகளையும் நிறத்தைச் சொல்லித் துன்புறுத்தினான். கடைசியில் அவனைப் பள்ளியிலிருந்து விலக்கினார்கள். அந்தக் காலத்தில் பல பிள்ளைகளுக்கு உண்மையான பள்ளியிலும் இப்படித்தான் நடந்தது. வீட்டில் சொல்லப் பயந்து பேசாமல் இருந்தார்கள். அதையே தொலைக்காட்சியில் பார்த்தபோது, 'எனக்கு மட்டும் நடக்கவில்லை' என்று அவர்களுக்குத் தெரிந்தது.

சில பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளைகள் இதைப் பார்த்துக் கெட்டுப்போவார்கள் என்று முறைப்பாடு செய்தார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? கெட்டது நடப்பதைக் காட்டுவதும், கெட்டதைச் செய்யச் சொல்வதும் ஒன்றா?

நடித்த பிள்ளைகள்

நடிக்கிற பிள்ளைகளும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள்தான். பிரித்தானியாவில் அவர்கள் நடிப்பதற்கு உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் வேலை என்று சட்டம் இருக்கிறது. படப்பிடிப்பு இடத்திலேயே பாடம் சொல்லிக் கொடுக்க ஆசிரியரும், கவனித்துக்கொள்ளப் பெரியவர் ஒருவரும் இருப்பார்கள்.

அவர்களில் சிலரைப் பார்ப்போம்.

டொட் கார்ட்டி: முதல் வருடங்களின் குறும்புக்காரன் டக்கராக நடித்தார். பிறகு 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் நடித்தார். 2008இல் கிரேஞ்ச் ஹில் முடியும்போது, டக்கராகவே திரும்பி வந்தார்.

சூசன் டல்லி: டக்கர் காலத்துப் பள்ளி மாணவியாக நடித்தவர். பகிடி என்னவென்றால், ஈஸ்ட்எண்டர்ஸில் இவர் டொட் கார்ட்டியின் தங்கையாக வந்தார்! இப்போ அவர் நாடகங்களை இயக்குகிறார்.

பிரான்செஸ்கா மார்ட்டினெஸ்: உடல் அசைவைப் பாதிக்கும் நிலையோடு பிறந்தவர். 1990களில் தொடரில் நடித்தார். இன்று மேடையில் மக்களைச் சிரிக்க வைக்கும் கலைஞர்.

லீ மக்டொனால்ட்: எல்லோருக்கும் பிடித்த 'சாம்மோ'வாக நடித்தார். 1986இல் சாம்மோ போதைப்பொருளுக்கு அடிமையாகும் கதை வந்தது. சிரித்துக்கொண்டு திரிந்த பையன் பொய் சொல்லத் தொடங்கினான், களவெடுத்தான், நண்பர்களை இழந்தான். நாடே அதிர்ந்துபோனது. நடித்த பிள்ளைகள் சேர்ந்து 'ஜஸ்ட் சே நோ' என்று ஒரு பாட்டை வெளியிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள் என்பதுதான் அதன் பொருள். அமெரிக்காவுக்குப் போய், வெள்ளை மாளிகையில் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி நான்சி ரேகனையும் சந்தித்தார்கள்.

பெயர் ஒட்டிக்கொண்டால்?

லீ மக்டொனால்ட் வளர்ந்த பிறகு சாவி செய்யும் கடை ஒன்றை நடத்தினார். ஆனால் இத்தனை வருடம் கழித்தும் மக்கள் அவரை 'சாம்மோ' என்றே கூப்பிடுகிறார்கள். யோசித்துப் பாருங்கோ. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உங்களுக்குக் கிடைத்த ஒரு பெயர் ஐம்பது வயதிலும் கூடவே வந்தால் எப்படி இருக்கும்?

அதில் சந்தோசமும் இருக்கிறது. முன்னாள் நடிகர்கள் ஒன்றுகூடும்போது ரசிகர்கள் வருகிறார்கள். படம் எடுக்கிறார்கள், பழைய புத்தகங்களில் கையெழுத்து வாங்குகிறார்கள். 'நீங்கள் நடித்த அந்தக் கதையால்தான் நான் ஆசிரியரிடம் போய் உண்மையைச் சொன்னேன்' என்று ஒருவர் சொன்னால், நடித்தவருக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறு என்ன?

ஆனால் ரசிகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கிரிப்பராக நடித்தவர் கிரிப்பர் இல்லை. போதைக்கு அடிமையானது சாம்மோதான், லீ இல்லை. கண்டிப்பான ஆசிரியர் புரொன்சனைப் பார்த்துப் பிள்ளைகள் நடுங்கினார்கள். அவராக நடித்த மைக்கல் ஷீயர்டோ, ரசிகர்களைச் சந்திக்க விரும்பிப் போனவர். பாத்திரம் வேறு, மனிதர் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் நல்ல ரசிகர்.

இன்று வீட்டில் ஒரு பெரியவரிடம், 'நீங்கள் என் வயதில் எந்த நாடகம் பார்த்தீர்கள்? அதில் யாரைப்போல இருக்க ஆசைப்பட்டீர்கள்?' என்று தமிழில் கேளுங்கோ. அவர் சொல்லும் கதையைக் கேட்டு வந்து வகுப்பில் சொல்லுங்கோ.

புதிய சொற்கள்

பாத்திரம் – கதையில் வரும் ஆள்
படப்பிடிப்பு – கமெராவில் நாடகத்தைப் பதிவு செய்தல்
முறைப்பாடு – பிழை என்று எழுதியோ சொல்லியோ தெரிவித்தல்
உள்ளூராட்சி மன்றம் – கவுன்சில்
பகிடி – சிரிப்பு வரும் விடயம்
களவெடுத்தல் – திருடுதல்

பயிற்சி

1. கிரேஞ்ச் ஹில் எத்தனை வருடம் ஓடியது?
2. நடிக்கும் பிள்ளைகளுக்கு என்ன பாதுகாப்புகள் இருக்கின்றன? இரண்டு எழுதுக.
3. சில பெற்றோர் ஏன் முறைப்பாடு செய்தார்கள்? நீங்கள் அவர்கள் பக்கமா, எழுத்தாளர் பக்கமா? காரணம் சொல்லுக.
4. உங்கள் பள்ளியைப் பற்றி ஒரு நாடகம் வந்தால், அதில் கட்டாயம் வரவேண்டிய ஒரு பிரச்சினை எது? ஐந்து வசனங்கள் எழுதுக.