முதுமையில் நீரிழிவும் கால் வலுவும்

நீரிழிவு என்றதும் சர்க்கரை எவ்வளவு என்று வினவுவதே வழக்கமாகிவிட்டது. அறுபதைக் கடந்த நமது அங்கத்தினர்களை நாம் வினவ விரும்புவது வேறு. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகின்றதா? குழித்தறியில் மிதிக்கட்டையின் மேல் வைத்த பாதம் கட்டையை உணர்கின்றதா?

இரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பெருமளவில் ஏற்று எரிப்பது தசையே. தசை குறைந்தால் சர்க்கரை இரத்தத்திலேயே தங்குகின்றது. அவ்வாறு பல்லாண்டு தங்கினால் தசை மேலும் மெலிகின்றது, பாத நரம்புகளும் மரத்துப்போகின்றன. படூரில் வரப்பிலும் சேற்றிலும் நடந்து பழகிய கால்கள், நிலம் மனையான பின்னர் திண்ணையோடு நின்றுவிட்டால் நேர்வது இதுவே.

ஆனால் சர்க்கரை குறையக் குறைய நன்மை என்று கருதுவது பெரும் பிழை. கிருத்திகைக்குத் திருப்போரூர் செல்லும் பெரியவர் பட்டினியோடு வழக்கமான மாத்திரையை விழுங்குகிறார் என்று கொள்வோம். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளின் வேகம் முதியோர் உடலில் நெடுநேரம் நீடிக்கும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம். பின்னர் ஒரு வீழ்ச்சி. இடுப்பெலும்பு முறிந்தால் சர்க்கரை சீராயிருந்து என்ன பயன்? இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்கவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

ஆகையினாலேயே, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. அளவு, திடமான முதியவருக்கு 7 முதல் 7.5 சதவீதத்துக்குள்ளும், பல நோய்களால் தளர்ந்தவருக்கு 8-க்குள்ளும் இருந்தால் போதும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் கூறுகின்றது. தமக்குரிய அளவு எது என்பதை வைத்தியரிடமே கேட்டறிதல் வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்துவது கூடாது.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரவேண்டும். அதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் வலு குன்றியிருக்கலாம் என்பது ஆசிய வல்லுநர் குழு 2019-இல் வகுத்த அளவு. அருகில் ஒருவர் நிற்பது நலம். எழுந்தமரும் இதே செயலை நாள்தோறும் பழகினால் அதுவே தொடைக்குப் பயிற்சியுமாகும். உடன் பருப்பு, முட்டை, மீன் முதலியவற்றையும் குறைக்கலாகாது. சிறுநீரகக் கோளாறுள்ளோர் மட்டும் வைத்தியரைக் கேட்டே உண்ணவேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 5-8-2021 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இல்லம் தேடி மாத்திரை வழங்குவதோடு இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. நாம் அறிந்தவரை, மாத்திரையைக் கேட்போர் பலர். இரண்டாவதைக் கேட்போர் சிலரே.