வாயில் வரும் கட்டி – பயமா? பரிசோதனையா?



எங்க அப்பாயிக்கு தை மாசம் கீழ்த்தாடையில் நெல்லிக்காய் அளவு வீக்கம் வந்தது. வலியே இல்லை. "பல்லுப் பூச்சிதான், கிராம்பு வச்சா சரியாயிடும்"னு எல்லாரும் சொன்னாங்க. பக்கத்து வீட்டு அத்தை மட்டும் "புத்து நோயா இருக்குமோ"ன்னு கேட்டுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் அரசு மருத்துவமனைக்குப் போனோம். பல் டாக்டரம்மா சொன்னதை நோட்டில் எழுதி வந்தேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

வாயில் வரும் கட்டி எல்லாம் ஒன்றல்ல.

1. நீர்க்கட்டி: சொத்தை ஆழமாகப் போனால் பல்லின் உள்ளே இருக்கும் நரம்பு செத்துவிடும். கிருமி வேர் நுனிக்கு இறங்கும். அங்கே நீர் நிறைந்த பை மாதிரி உருவாகி, மெதுவாகப் பெருத்து எலும்பைக் கரைக்கும். முளைக்காமல் உள்ளே மாட்டிக்கொண்ட ஞானப்பல்லைச் சுற்றியும் நீர்க்கட்டி வரலாம்.

2. பரவாத கட்டி: பல் உருவாக்கும் செல்களில் இருந்து வருவது. பெரும்பாலும் வேறு உறுப்புக்குப் பரவாது. ஆனால் சில வகை தாடை எலும்பையே அரித்துவிடும்.

3. புற்றுநோய்: செல்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருகிப் பக்கத்துச் சதைக்கும், கழுத்து நெறிகட்டிக்கும் பரவும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். அடுத்து எக்ஸ்ரே. எலும்பு வெள்ளையாகத் தெரியும், நீர்க்கட்டி இருக்கும் இடம் கறுப்பு வட்டமாகத் தெரியும். ஆனால் எக்ஸ்ரேயை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாதாம். துளி சதையை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். இதற்குப் பெயர் பயாப்ஸி. "ஊசி பட்டால், கத்தி பட்டால் புத்து பரவும்" என்று ஊரில் சொல்வது தப்பு. அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப் போடுவதுதான் ஆபத்து.

அப்பாயிக்கு வந்தது நீர்க்கட்டிதான். செத்த பல்லையும் பையையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் புகையிலை அடக்கும் கன்னத்தில் தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தது. அதிலும் துளி எடுத்துப் பார்த்தார்கள். இப்போது புற்றுநோய் இல்லை, ஆனால் பிற்காலத்தில் மாறலாம் என்றார்கள். "புகையிலையை விட்டுட்டு வெறும் பாக்கு போடலாமா தாயி?"ன்னு அப்பாயி கேட்டாங்க. கூடாது! புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது.

உடனே டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள்:

* இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண்
* வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு
* தாடை வீக்கம், காரணமில்லாமல் பல் ஆடுதல்
* உதடு மரத்துப் போதல்
* வாயை மூன்று விரல் அளவு திறக்க முடியாமை

மூன்று மாதத்திற்கு ஒருமுறை அப்பாயி பரிசோதனைக்குப் போகணும். இன்னும் முழுசா விடல. சுருக்குப் பையை நான் ஒளிச்சு வைக்கிறேன், அவங்க கண்டுபிடிச்சிடறாங்க! ஆனாலும் நாலு வேளை ஒரு வேளையாகக் குறைந்திருக்கிறது.

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்க அப்பாயி, தாத்தாவை வெளிச்சத்தில் உட்கார வைத்து "ஆ" காட்டச் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை!

வருமுன் காப்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி